பதிலி ஆசிரியர் வேலை: தினமும் எது கடினம், எது கைக்கு வரும்?

ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டதாகவும், நிரந்தர வேலை கிடைக்கும்வரை பதிலி ஆசிரியராகப் போகலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தினமும் வேறு வகுப்பு, முன்பின் தெரியாத பிள்ளைகள். சமாளிக்க முடியுமா, இதில் மனநிறைவு என்று ஏதாவது உண்டா, அல்லது மணி அடிக்கும்வரை காவல் காப்பதுதான் வேலையா என்று கேட்கிறீர்கள். பார்வைக்கு இது வகுப்பை அடக்குவது பற்றிய கேள்வி போலத் தெரிகிறது. நீங்கள் கேட்க வந்தது வேறு என்று எனக்குப் படுகிறது: நாளைக்கு இங்கே இருக்கப்போவதில்லை என்று தனக்கும் தெரிந்த, பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒருவர், அந்த ஒரு நாளில் ஆசிரியராக இருக்க முடியுமா? நான் நிரந்தர ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன், பல ஆண்டுகள் பதிலியாகப் பள்ளி பள்ளியாகவும் போயிருக்கிறேன். பெரும்பாலும் 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும். இருக்க முடியும் என்பதே என் பதில். வராமல் போன ஆசிரியரின் நகலாக இருக்கப் பார்த்தால் மட்டும் முடியாது.

பிள்ளைகளின் குறும்புதான் பெரிய சவால் என்று எல்லோரும் சொல்வார்கள். குறும்பு உண்டு, அது எதிர்பார்த்ததுதான், அதற்கு வழிகளும் உண்டு. என்னைக் கேட்டால், அந்த வகுப்பில் எது வழக்கம் என்று தெரியாததுதான் இந்த வேலையின் உண்மையான பாரம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் தலையைக் கவிழ்த்துப் படுத்திருக்கிறான். அவனுக்கு உடம்பு சரியில்லையா, இரவு தூங்கவில்லையா, தினமும் அப்படித்தானா? ஒரு பெண் கேட்காமலே எழுந்து வெளியே போகிறாள். திமிரா, இல்லை மருத்துவக் காரணத்துக்காக அவளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்களா? ஜன்னலோரம் ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். தண்டனையா, அவனே கேட்டு வாங்கிய இடமா? வகுப்பாசிரியருக்கு இவை கேள்விகளே இல்லை. பார்த்த மாத்திரத்தில் விடை தெரியும். உங்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு முடிவு. பாடம் நடத்திக்கொண்டே, ஒரு மணி நேரத்துக்குள் இப்படி எத்தனையோ சின்னச் சின்ன முடிவுகளை அரைகுறைத் தகவலோடு எடுக்கிறீர்கள். மாலையில் வரும் அசதி நின்றுகொண்டே இருந்ததால் வருவதைவிட இதனால் வருவதே அதிகம்.

ஆகவே காலையில் முதல் வேலை, அந்த வழக்கத்தைத் தெரிந்த ஆளைக் கண்டுபிடிப்பது. பள்ளிக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய்விடுங்கள். அலுவலகத்தில் வருகைப் பதிவேடும், இருந்தால் இருக்கை வரைபடமும், பாடக்குறிப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்: இந்த வகுப்பில் யாருக்காவது கடுமையான ஒவ்வாமை உண்டா, யாராவது மருந்து வைத்திருக்கிறார்களா, அவசரமென்றால் எந்த வழியாக வெளியேறுவது, யாரைக் கூப்பிடுவது, சீக்கிரம் வீட்டுக்கு அழைத்துப் போக யாராவது வந்தால் யாரிடம் அனுப்புவது. இதைக் கேட்பதால் உங்களை யாரும் அனுபவமில்லாதவர் என்று நினைக்க மாட்டார்கள். கேட்காதவரைத்தான் அப்படி நினைப்பார்கள். பிறகு பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் போய் உங்கள் பெயரைச் சொல்லி, "இந்த வகுப்பில் நான் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் 2 நிமிடத்தில் சொல்வது எழுதிவைத்த பாடக்குறிப்பைவிட உபயோகமாக இருக்கும்.

பாடக்குறிப்பு என்றதும் ஒரு வார்த்தை. சிலர் அருமையாக எழுதிவைப்பார்கள். திடீரென்று உடம்பு முடியாமல் போனவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவர் எப்படியோ படுக்கையிலிருந்து சொல்லியனுப்பிய ஒரு வரிதான் உங்கள் கைக்கு வரும். "விகிதம், இரண்டாம் பயிற்சி." நீங்கள் போய்ப் பலகையில் எழுதியதும் குரல்கள் கிளம்பும்: "அதை நேற்றே முடித்துவிட்டோம்." இது உண்மையாக இருக்கலாம், ஆழம் பார்ப்பதாகவும் இருக்கலாம். வாதாட வேண்டாம். வெவ்வேறு வரிசைகளில் இருக்கும் இரண்டு மூன்று பேரின் நோட்டைத் திறக்கச் சொல்லி, கடைசியாக எழுதிய தேதியையும் கணக்கையும் பாருங்கள். முடித்திருந்தால் அந்தப் பக்கத்திலேயே ஆசிரியரின் சரிக்குறிகள் இருக்கும், இல்லையென்றால் பாதிப் பேர் நான்காவது கணக்கோடு நின்றிருப்பார்கள். பாதியில் நின்றிருந்தால் உங்கள் பாடம் அங்கேயே கிடைத்துவிட்டது: நான்காவது கணக்கில் ஏன் இத்தனை பேர் நின்றார்கள்? ஒரு நோட்டில் விகிதத்தின் இரண்டு பக்கங்களையும் இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள், இன்னொன்றில் சென்டிமீட்டரையும் மீட்டரையும் கலந்திருப்பார்கள். வகுப்பாசிரியர் எழுதாமல் விட்ட பாடக்குறிப்பைப் பிள்ளைகளின் நோட்டு எழுதிவைத்திருக்கும்.

பெயர் மாற்றிச் சொல்வது உலகப் பொதுவான விளையாட்டு. வருகைப் பதிவின்போது ஒருவன் பெயருக்கு இன்னொருவன் "உள்ளேன்" என்பான். அதைக் கண்டுபிடிக்கப் பதில் சொல்பவனைப் பார்த்துப் பயனில்லை. அவன் முகத்தை நன்றாகவே வைத்துக்கொள்வான். சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். பெயரைக் கூப்பிடுவதற்கு அரை நொடி முன்பே நான்கு தலைகள் ஒரே பக்கம் திரும்பியிருக்கும், ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். பட்டியலை மூடிவிட்டு, எல்லோரையும் ஒரு துண்டுத் தாளில் பெயரெழுதி மேசை ஓரத்தில் வைக்கச் சொல்வேன். நோட்டு அட்டையில் உள்ள பெயரும் அந்தத் தாளும் ஒத்துப்போகிறதா என்று வரிசையில் நடந்தபடியே பார்த்துக்கொள்வேன். யாரையும் நிற்க வைத்து விசாரிப்பதில்லை. இரண்டு பேர் மெதுவாகத் தாளைத் திருப்பி எழுதுவார்கள், அவ்வளவுதான். அந்தப் பெயர்த் தாள்களால் இன்னொரு லாபமும் உண்டு. "நீலச் சட்டை, நீ சொல்" என்பதற்கும், பெயர் சொல்லிக் கேட்பதற்கும் இருக்கும் வித்தியாசத்தை முதல் பத்து நிமிடத்திலேயே பார்ப்பீர்கள்.

வகுப்பு மேலாண்மை பற்றிய ஆய்வுகளில் இங்கே பொருந்துவது ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் செய்தது. 1970-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின் சாரம் இது: நன்றாக நடக்கும் வகுப்புக்கும் குலைந்துபோகும் வகுப்புக்கும் வித்தியாசம், தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிதாகத் தெரியவில்லை, அறை முழுவதும் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது என்பதைப் பிள்ளைகள் உணர்வதிலும், பாடம் தடைபடாமல் ஓடுவதிலும்தான் தெரிந்தது. பதிலி ஆசிரியருக்கு இது கைகொடுக்கும் செய்தி. தண்டிக்கும் அதிகாரம் உங்களிடம் குறைவு, நாளைக்கு அதைத் தொடர்ந்து நடத்தவும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கண்ணும் காலும் உங்களிடம் இருக்கின்றன. மேசைக்குப் பின்னால் உட்காராதீர்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் கையில் பேனா பிடித்துச் செய்யும்படி ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிட்டு, பிறகு உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். நீண்ட அறிமுக உரை கேட்டு அமைதியான வகுப்பை நான் பார்த்ததில்லை. "எங்கள் ஆசிரியர் இப்படிச் செய்ய விடுவார்" என்று யாராவது சொன்னால், "இருக்கலாம், இன்றைக்கு இப்படிச் செய்வோம், அவருக்கு எழுதிவைக்கிறேன்" என்பது போதும்.

கத்தாதீர்கள். இது நாகரிகம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்னவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்ற வேலைகளில் இருப்பவர்களில் 28.8 சதவீதம். பழக்கமில்லாத அறையில், அதன் எதிரொலி தெரியாமல், தெரியாத கூட்டத்துக்கு மேலே குரலெழுப்பும் பதிலி ஆசிரியருக்குச் சுமை கூடுதலாக இருக்கும் என்பது என் ஊகம். அந்த ஆய்வு அதைச் சொல்லவில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் குரலுக்கு ஓய்வுதான். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் கவனித்தது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் பொறுக்கிறார்கள், அதை 3 நொடி அல்லது அதற்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். உங்களுக்கு யார் கெட்டிக்காரர் என்று தெரியாது. அதனால் முதலில் தூக்கிய கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு பாடம் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பாடக்குறிப்பே இல்லாத நாளும் வரும். நான் அதிகம் பயன்படுத்துவது தாள் மடிப்பு. ஒரு தாளை எத்தனை முறை பாதியாக மடிக்க முடியும் என்று கேளுங்கள். இருபது, ஐம்பது என்பார்கள். மடிக்கச் சொன்னால் ஆறு, ஏழோடு நின்றுவிடும். தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மடிப்பில் 1,024 அடுக்கு, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். அடுத்த 10 மடிப்புக்கு எவ்வளவு என்று கேட்டால் 20 சென்டிமீட்டர் என்று பாதி வகுப்பு சொல்லும். 100 மீட்டரைத் தாண்டும் என்று அவர்களே பெருக்கிக் கண்டுபிடிக்கும்போது அறை அடங்கிவிடும். கற்பனையில் 42 முறை மடித்தால் கனம் சுமார் 4,40,000 கிலோமீட்டர். நிலவு இருப்பது சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில். 2002-இல் ஒரு பள்ளி மாணவி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மெல்லிய தாளை எடுத்து 12 முறை மடித்துக் காட்டினார் என்ற செய்தியைக் கடைசியாகச் சொல்வேன். 7 முறைக்கு மேல் முடியாது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த விஷயம் அது. இதற்குக் கருவி வேண்டாம், முன்தயாரிப்பு வேண்டாம். நீங்கள் மொழியோ வரலாறோ கற்பிப்பவரானால் உங்கள் பாடத்தில் இதற்கு இணையாக ஒன்றைத் தேடிவைத்துக்கொள்ளுங்கள். இரவல் வாங்கிய உற்சாகத்தைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி நீங்கள் நேராகக் கேட்காத ஒன்று: பதிலி ஆசிரியரால் பிள்ளைகளுக்கு நஷ்டமா? ஆசிரியர் வராத நாட்கள் கற்றலைப் பாதிக்கின்றன என்பது ஓரளவு உறுதியாகத் தெரிந்ததுதான். அமெரிக்காவில் ஒரு நகரப் பள்ளிகளின் நான்காம் வகுப்புக் கணக்கை வைத்துச் செய்த ஆய்வில், ஆசிரியரின் ஒவ்வொரு 10 நாள் விடுப்புக்கும் மதிப்பெண் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 3 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. சிறிய அளவு, ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது. நியூயார்க் பள்ளிகளை ஆராய்ந்த இன்னொரு ஆய்வில், விடுப்பு நீண்டதாக இருந்தால் ஒரு நாளுக்கான இழப்பு குறைகிறது என்று தெரிந்தது. காரணம் என்ன என்பதில்தான் சந்தேகம். நீண்ட விடுப்புக்குப் பள்ளி நல்ல ஆளாகத் தேடி எடுப்பதாலும் இருக்கலாம், அதே பதிலி நாளாக நாளாக வகுப்பைத் தெரிந்துகொள்வதாலும் இருக்கலாம். என் அனுபவம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. அனுபவம் என்பது ஆதாரம் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த எண்களைப் பார்த்துக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. அந்த இழப்பு ஆசிரியர் வராததால் வந்தது. அது எவ்வளவு பெரிதாகிறது என்பதில்தான் உங்கள் பங்கு.

மனநிறைவு உண்டா என்றால், உண்டு, ஆனால் நிரந்தர ஆசிரியருக்குக் கிடைக்கும் வகை இல்லை. ஜூனில் கூட்டத் தெரியாத பிள்ளை மார்ச்சில் சமன்பாடு போடுவதைப் பார்க்கும் பாக்கியம் உங்களுக்கு இல்லை. அதற்குப் பதிலாக நிரந்தர ஆசிரியருக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: எந்தப் பிள்ளையைப் பற்றியும் உங்களுக்கு முன்கதை தெரியாது. வகுப்பில் "இவனுக்கு வராது" என்று முடிவாகிப்போன ஒருவனிடம், அந்த முடிவு தெரியாமலே ஒரு நல்ல கேள்வியைக் கேட்டுவிடுவீர்கள். தாள் மடிப்பின்போது ஒருமுறை, "பெருக்கிக்கொண்டே போகாமல் இரண்டின் பத்தாவது அடுக்கை மறுபடி மறுபடி பயன்படுத்தலாமே" என்று ஒரு பையன் மெல்லிய குரலில் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள், அவன் சொன்னது சரி என்று தெரியாததால் இல்லை, அவன் சொன்னதால். பலகைக்கு வந்து செய்து காட்டச் சொன்னேன். செய்தான். இதனால் அவன் வாழ்க்கை மாறியதா என்றெல்லாம் எனக்குத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. ஆசிரியரின் நம்பிக்கை அறிவுத்திறன் சோதனையில் பிள்ளை எடுக்கும் மதிப்பெண்ணையே மாற்றும் என்று 1968-இல் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் சொன்ன புகழ்பெற்ற முடிவைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அந்த விளைவு பெரும்பாலும் சிறியதாகவே தெரிந்தது. ஆகவே பெரிதாக எதையும் வாக்களிக்க மாட்டேன். அன்றைக்கு அந்த வகுப்பில் ஒரு சரியான பதில் சரியான பதிலாக ஏற்கப்பட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு லாபம் யாரும் சொல்வதில்லை. பயிற்சிக் கல்லூரியில் இரண்டு மூன்று ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்திருப்பீர்கள். பதிலியாகப் போனால், வேறு ஆசிரியர்கள் விட்டுப்போன தடங்களுக்கு நடுவே தினமும் நிற்கிறீர்கள்: சுவரில் என்ன ஒட்டியிருக்கிறார்கள், நோட்டு எப்படித் திருத்தியிருக்கிறார்கள், மணி அடித்ததும் பிள்ளைகள் தாமாகவே என்ன செய்கிறார்கள். தவறான விடையை அழிக்காமல், பக்கத்தில் எங்கே தவறினோம் என்று ஒரு வரி எழுத வைக்கும் பழக்கத்தை நான் அப்படி ஒரு நோட்டில் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த ஆசிரியரை நான் சந்தித்ததே இல்லை.

கசப்பான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர்கள் அறையில் எந்த நாற்காலி யாருடையது என்று தெரியாமல் நிற்பீர்கள். உங்கள் பெயரைக் கேட்காமலே நாள் முடிவதும் உண்டு. பல இடங்களில் வேலை செய்த நாளுக்கு மட்டுமே கூலி. விடுமுறை மாதத்தில் வருமானம் இல்லை. காலையில் அழைப்பு வருமா வராதா என்பதே ஒரு மன உளைச்சல். தகுதி விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் ஆசிரியர் தகுதி இல்லாத மேற்பார்வையாளர்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் நிபந்தனை வேறு. உங்கள் பகுதியில் பதிலிப் பணிக்காலம் அனுபவமாகக் கணக்கில் வருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

ஒரு விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பிள்ளைகள் சில சமயம் தினமும் பார்க்கும் ஆசிரியரிடம் சொல்லாததை அன்னியரிடம் சொல்வார்கள். வீட்டில் யாரோ அடிக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்பது போன்ற ஏதாவது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள், சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் அதற்குப் பொறுப்பானவரிடம், அப்படி ஒருவர் இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள் என்பதால் தள்ளிப்போட இடமே இல்லை. மழலையர் வகுப்புகளைப் பற்றியும் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றியும் என் அனுபவம் குறைவு. வழக்கம் மாறினாலே கலங்கிப்போகும் பிள்ளைகள் அங்கே அதிகம் என்பதால், அந்த வகுப்புகளுக்கு முதன்முறை போகும்போது உதவியாளர் ஒருவர் உடன் இருப்பாரா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்வது நல்லது.

நாள் முடிவில் வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிவையுங்கள். எதை முடித்தோம், எங்கே நின்றோம், எந்தக் கணக்கில் தடுமாறினார்கள், யார் உதவினார்கள். புகார்ப் பட்டியலாக எழுத வேண்டாம். ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் நடந்ததை மட்டும் எழுதுங்கள், உங்கள் கோபத்தை விட்டுவிடுங்கள். மறுபடி கூப்பிடப்படுபவர்கள் பெரும்பாலும் இந்தக் குறிப்பை வைத்தே கூப்பிடப்படுகிறார்கள் என்பது நான் பார்த்தது.

ஒரே வகுப்புக்குச் சில மாதங்கள் போகும் நீண்ட பதிலிப் பணி வந்தால், அதை வேறு வேலையாகவே நினையுங்கள். மதிப்பெண் போடுவது யார், பெற்றோரிடம் பேசுவது யார், பாடம் தயாரிக்கும் நேரத்துக்கும் சம்பளம் உண்டா, விடுப்பில் போகிறவர் ஒருநாளாவது உங்களோடு உட்கார்ந்து வகுப்பை ஒப்படைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் "போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். வகுப்பைப் பார்த்தபின் மீதியைப் பேசிக்கொள்ளலாம்.